கடைசி வீட்டில் அடுப்பு எப்போது எரிந்தது? கடலோர ஊர்களின் தாங்குதிறன் மதிப்பீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகப்பட்டினம், கடலூர் கரையோர ஊர்களில் பேரிடர் தாங்குதிறன் மதிப்பீடு செய்யும் குழுக்களோடு சில வருடங்களாக வேலை பார்க்கிறேன். ஊராட்சித் தலைவர்கள், சுய உதவிக் குழுப் பெண்கள், களப்பணிக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகள் என்று யார் பேசினாலும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான். பதில்கள் ஒரே இடத்தில் இருந்தால் உதவும் என்று எழுதி வைக்கிறேன்.

தாங்குதிறன் என்று எதைச் சொல்கிறீர்கள்?

புயலோ ஆழிப்பேரலையோ வரும்போது ஓர் ஊர் தன் உயிர்களைக் காப்பாற்றிக்கொள்கிறதா, அதற்குப் பிறகு பிழைப்பை எவ்வளவு சீக்கிரம் மறுபடி பிடிக்கிறது, பட்ட அடியிலிருந்து எதையாவது மாற்றிக்கொண்டதா? இந்த மூன்றும் சேர்ந்ததுதான் தாங்குதிறன். முதலாவதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். மற்ற இரண்டும் நிவாரண லாரிகள் திரும்பிப் போனதோடு பேச்சிலிருந்து போய்விடுகின்றன.

எந்த ஊருக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "கஜா அடிச்ச பிறகு இந்த ஊர்ல கடைசியா எந்த வீட்ல அடுப்பு எரிஞ்சுது?" 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த புயல் அது. கேட்டவுடன் யாராவது ஒருவர் "பத்து நாள்ல எல்லாம் சரியாயிடுச்சு" என்பார். கொஞ்ச நேரம் பொறுத்தால் பின்னாலிருந்து ஒரு பாட்டியின் குரல் வரும்: "கோடி வீட்டுக்காரிய மறந்துட்டீங்களா? தை பொறந்தும் தார்ப்பாய்க்குள்ளதான கெடந்தா?" அங்கிருந்து மதிப்பீடு தொடங்கும். ஊர் சராசரியாக எத்தனை நாளில் எழுந்தது என்பதைவிட, கடைசி வீடு எழ எத்தனை நாள் ஆனது, ஏன் ஆனது என்பதுதான் அடுத்த புயலுக்கு நமக்கு வழி காட்டும் என்று நம்புகிறேன். கீழே உள்ள பதில்களெல்லாம் இந்த நம்பிக்கையில் எழுதியவை.

புயலுக்குப் பிறகு வி.ஏ.ஓ. எடுக்கும் சேதக் கணக்கும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது நடந்து முடிந்த இழப்பின் கணக்கு: எத்தனை கூரை, எத்தனை மரம், எத்தனை ஆடு மாடு. நிவாரணம் அதை வைத்துத்தான் வரும், எனவே அதுவும் அவசியம். தாங்குதிறன் மதிப்பீடு வானம் தெளிவாக இருக்கும்போது செய்வது. பழைய சேதக் கணக்குகள் ஊராட்சி அலுவலகத்தில் இருந்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தெரு ஒவ்வொரு புயலிலும் வருகிறதா என்று பார்க்கலாம்.

எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்காக, அமெரிக்க உதவியோடு 2007-இல் ஒரு வழிகாட்டி வந்தது. அது எட்டுத் தலைப்புகளைச் சொல்கிறது: நிர்வாகம், சமூகமும் பொருளாதாரமும், கடலோர வளங்களைப் பேணுவது, நிலத்தையும் கட்டடங்களையும் பயன்படுத்தும் விதம், ஆபத்தைப் பற்றிய அறிவு, எச்சரிக்கையும் வெளியேற்றமும், அவசர மீட்பு, மறுவாழ்வு. நல்ல சட்டகம் இது. எதையும் மறந்துவிடாமல் இருக்க நானும் இதைத்தான் கையில் வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் எட்டுக்கும் ஒரே நேரத்தைச் செலவழிக்காதீர்கள். உங்கள் ஊருக்கு எங்கே இடிக்கிறதோ அங்கே தங்குங்கள். கன்னியாகுமரி ஆழ்கடல் மீனவர் ஊரில் எச்சரிக்கைதான் உயிர்நாடி. வேதாரண்யம் பக்கத்துப் புஷ்பவனத்தில் கஜாவின்போது கடல் சேறு வந்து ஊரையும் வயலையும் மூடியது. அங்கே நிலமும் மறுவாழ்வும்தான் பேச்சு.

இப்போதுதான் எச்சரிக்கை முன்கூட்டியே வந்துவிடுகிறதே. இன்னும் அதில் என்ன மதிப்பிட இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே நிலம் நடுங்கியபோது நம் கடிகாரத்தில் காலை 6:29. தமிழகக் கரையில் அலை ஏறியது ஒன்பது மணி வாக்கில். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. அந்த நேரம் யாருக்கும் பயன்படாமல் போனது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் இன்றும் டிசம்பர் 26 காலையில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

அதே காலையில் புதுச்சேரியின் நல்லவாடு ஊர் தப்பியது. அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கிய கிராம அறிவு மையத்தில் ஓர் ஒலிபெருக்கி இருந்தது. கடல் நிலவரம் சொல்வதற்காக வைத்தது. சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தி தெரிந்து வீட்டுக்குப் போன் செய்தார். வீட்டார் மையத்துக்கு ஓடினார்கள். ஒலிபெருக்கி அலறியது, ஊர் மேட்டுப் பக்கம் ஓடியது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: அந்த ஒலிபெருக்கி அன்றாடம் பயன்பட்டதால்தான் அன்றைக்கும் வேலை செய்தது, அதன் குரலை ஊரும் நம்பியது.

ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையத்தில் 2007 முதல் ஆழிப்பேரலை எச்சரிக்கைப் பிரிவு இயங்குகிறது. புயலுக்கு வானிலைத் துறை நாள் கணக்கில் முன்பே சொல்கிறது. ஆக, சென்னை வரை, கலெக்டர் அலுவலகம் வரை செய்தி வந்துவிடும். நாம் மதிப்பிட வேண்டியது அங்கிருந்து கடைசி ஆள் வரை உள்ள தூரத்தை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக் கடலில் வீசியபோது, தூத்தூர் பக்கத்துப் படகுகள் பல வாரங்களுக்கான ஐஸும் சோறும் ஏற்றிக்கொண்டு ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தன. செல்போன் கரையிலிருந்து கொஞ்ச தூரத்தோடு செத்துப்போகும். துறைமுகத்தில் ஏற்றிய புயல் எச்சரிக்கைக் கூண்டு நடுக்கடலில் இருப்பவன் கண்ணுக்கு எப்படித் தெரியும்? திரும்பி வராதவர்கள் ஏராளம். அதற்குப் பிறகுதான் செயற்கைக்கோள் போன்கள், செய்தி வாங்கும் கருவிகள் எல்லாம் படகுகளுக்கு வரத் தொடங்கின.

எனவே ஊரில் நீங்கள் கேட்க வேண்டியவை: இன்றைக்கு எத்தனை படகு கடலில் இருக்கிறது என்று இந்த நிமிடம் யாரால் சொல்ல முடியும்? கருவி இருக்கும் படகில் அது சார்ஜோடு இருக்கிறதா? காது கேட்காதவர் வீட்டுக்கு யார் போய்ச் சொல்வார்கள்? இரவு இரண்டு மணிக்குக் கரன்ட் போன பிறகு அறிவிப்புக்கு என்ன வழி? கோயில் மணியா, மாதா கோயில் மணியா, பள்ளிவாசல் ஒலிபெருக்கியா? பதில் சொல்லத் தயங்குகிறார்கள் என்றால் அதையே குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் புயல் பாதுகாப்பு மையம் கட்டியிருக்கிறார்கள். அதற்கு முழு மதிப்பெண் போடலாமா?

நடந்து பார்த்துவிட்டுப் போடுங்கள். ஒரு ஊரில் நாங்கள் இரவு ஒன்பது மணிக்கு, தெரு விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, கடற்கரைத் தெருவிலிருந்து மையத்துக்கு நடந்தோம். மூட்டுவலியுள்ள ஒரு பெரியம்மாவும், இடுப்பில் குழந்தையோடு அவர் மருமகளும் எங்களோடு வந்தார்கள். இளவட்டங்கள் எட்டு நிமிடத்தில் போய்விட்டார்கள். பெரியம்மாவுக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. நடுவில் ஒரு வாய்க்கால். மதகில் கைப்பிடி இல்லை. "மழ பேஞ்சா இதுல முழங்காலுக்கு மேல தண்ணி ஓடும் தம்பி, நான் எங்க தாண்டுறது?" என்று அங்கேயே நின்றுவிட்டார். மருமகள் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். மையத்துக்குப் போனால் கதவு பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் மகள் வீட்டுக்கு வெளியூர் போயிருந்தார். ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தோம்: உள்ளே நெல் மூட்டைகள்.

கட்டடம் நல்ல கட்டடம். அந்த இரவில் அது பெரியம்மாவுக்குப் பயன்பட்டிருக்காது. அதன் பிறகு அந்த ஊரில் சாவி மூன்று வீடுகளில் இருக்கிறது, அதில் இரண்டு பெண்கள் கையில். மதகுக்குக் கைப்பிடியும் போட்டுவிட்டார்கள்.

மையத்தில் பார்க்க வேண்டியவை இன்னும் உண்டு. கழிவறைக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும், பெண்களுக்குத் தனி இடம் உண்டா, ஆடு மாட்டை எங்கே கட்டுவது? ஆட்டை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த இரண்டு ஆடுதான் சேமிப்பு.

அலையாத்திக் காடு, சவுக்குத் தோப்பு, கருங்கல் தடுப்பு: எது உண்மையில் காப்பாற்றும்?

பிச்சாவரம் பக்கத்தில் 2004-க்குப் பிறகு நடந்த ஆய்வில், அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று கண்டார்கள். வேறு சில ஆய்வாளர்கள், அந்த ஊர்கள் கடலிலிருந்து தள்ளியும் மேடாகவும் இருந்ததே பெரிய காரணம் என்று வாதிட்டார்கள். இரண்டு பக்கத்தையும் தெரிந்துகொண்டு, காடு இருக்கிறது என்பதற்காக மட்டும் ஊரைப் பாதுகாப்பானது என்று எழுதாமல் இருப்பது நல்லது. கஜாவில் முத்துப்பேட்டை அலையாத்திக் காடே கடுமையாக அடிவாங்கியது. மீனும் இறாலும் குஞ்சு பொரித்து வளரும் இடம் அது. காடு எழ எடுக்கும் காலமும் அங்கே பிழைப்பவர்களின் கணக்கில் சேர வேண்டும்.

கல் தடுப்பையும் தூண்டில் வளைவையும் (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் சுவர்) பொறுத்தவரை, உங்கள் ஊரோடு நிறுத்தாமல் வடக்கே அடுத்த ஊரையும் போய்ப் பாருங்கள். நம் கிழக்குக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே எதைக் கட்டினாலும் தென்பக்கம் மணல் சேரும், வடபக்கம் கரை அரிக்கும். புதுச்சேரியில் துறைமுகம் வந்த பிறகு நகரத்துக் கடற்கரை மணல் போனது இப்படித்தான். ஓர் ஊரின் பாதுகாப்பு பக்கத்து ஊரின் கடலரிப்பாக மாறுமானால், இரண்டு ஊரையும் சேர்த்துத்தான் மதிப்பிட வேண்டும்.

மீனவர் ஊர் என்றால் படகு, வலை, இஞ்சின் கணக்கு எடுத்தால் போதாதா?

2004-க்குப் பிறகு இந்தத் தவறைத்தான் பெரிய அளவில் செய்தோம். உதவ வந்தவர்கள் கண்ணுக்குப் படகு தெரிந்தது, படகு கொடுத்தார்கள். அதனால் நன்மையும் நடந்தது. கூலிக்குப் போனவர்கள் சிலர் பைபர் படகுக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். ஆனால் பல ஊர்களில் முன்பிருந்ததைவிடப் படகுகள் பெருகி, ஏற ஆளில்லாமல் கரையில் கிடந்தன. அதே சமயம், அந்தப் படகு கொண்டுவரும் மீனை ஏலத்தில் எடுத்துக் கூடையில் சுமந்து விற்கும் பெண்களுக்கு அலுமினியப் பாத்திரமும் தராசும், தொழில் முதலாக ஐந்தாயிரம் ரூபாயும் வந்து சேரத் தாமதமானது.

ஊரின் பிழைப்பை மீனின் பாதையிலேயே போய்ப் பாருங்கள். படகு, ஐஸ் கம்பெனி, ஏலம், தலைச்சுமை விற்பனை, கருவாட்டுக் களம், வலை பின்னுகிறவர், இஞ்சின் மெக்கானிக். இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் மற்றதெல்லாம் நிற்கும். கஜாவில் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. கரன்ட் இல்லாமல் ஐஸ் இல்லை. ஐஸ் இல்லாமல் படகு கடலுக்குப் போயும் பலனில்லை.

கரைக்குக் கொஞ்சம் உள்ளே போனால் கணக்கு முழுதாக மாறும். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஒரே இரவில் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. படகைச் சில மாதங்களில் சரிசெய்யலாம். தென்னங்கன்று காய்க்க ஐந்தாறு வருடம் ஆகும், நல்ல விளைச்சலுக்கு இன்னும் ஆகும். அந்த வருடங்களில் அந்தக் குடும்பம் எதைத் தின்னும், பிள்ளை படிப்புக்கு என்ன செய்யும்? கடலூர்ப் பக்கம் 2011 தானே புயலில் முந்திரியும் பலாவும் சாய்ந்த குடும்பங்களைக் கேட்டால் அந்தக் காத்திருப்பு எப்படிப்பட்டது என்று சொல்வார்கள்.

கடன் பற்றி மறக்காமல் கேளுங்கள். புயலுக்கு முன் எவ்வளவு, இப்போது எவ்வளவு, யாரிடம், என்ன வட்டி. வீடு புதிதாக இருக்கும், நகை அடகில் இருக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அந்த வீடு எழுந்துவிட்டது போலத்தான் தெரியும்.

மதிப்பீட்டில் வழக்கமாக யார் விடுபடுகிறார்கள்?

மீனவர் ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்து வலுவானது. தேர்தலில் வரும் ஊராட்சி அல்ல இது, மீனவர்களே நடத்தும் அமைப்பு. அது பெரிய பலம். 2004-இல் இறந்தவர்களை அடக்கம் செய்ததும், நிவாரணத்தை வரிசையில் பிரித்துக் கொடுத்ததும், படகுகளைத் தேடிப் பிடித்ததும் பல இடங்களில் அதன் தலைவர்களான நாட்டார்கள்தான். ஆனால் பஞ்சாயத்துக்கு வரி கட்டுகிறவர்களே அதன் பட்டியலில் இருப்பார்கள். ஆண் துணை இல்லாத வீடுகள் சில ஊர்களில் வரிக்கணக்கில் இல்லை. பக்கத்திலேயே இருக்கும் தலித் குடியிருப்பு, முகத்துவாரத்தில் கையால் இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள், உப்பளத் தொழிலாளர்கள், வெளி மாநிலத்திலிருந்து விசைப்படகில் வேலைக்கு வந்த பையன்கள் ஆகியோர் வேறு யாருடைய பட்டியலிலும் இருக்கமாட்டார்கள். ஆழிப்பேரலை நிவாரணத்தில் தலித் குடும்பங்களும் இருளர்களும் ஒதுக்கப்பட்டதை அப்போதே பலர் பதிவு செய்தார்கள்.

முதல் நாள் நீங்கள் எழுதும் வீட்டுப் பட்டியலை ரேஷன் கடைப் பட்டியலோடும், அங்கன்வாடிப் பட்டியலோடும், நேரில் நடந்து எண்ணிய கணக்கோடும் ஒப்பிடுங்கள். மூன்றும் ஒத்துப்போகாது. ஒத்துப்போகாத வீடுகளுக்கு முதலில் போங்கள்.

ஊர்க் கூட்டத்தை எப்படி நடத்துவது?

படகு திரும்பும் நேரத்தில் வைக்காதீர்கள். பெண்கள் ஏலத்தில் இருப்பார்கள். ஆண்களையும் பெண்களையும் தனித்தனியே உட்காரவைத்துத் தரையில் கோலமாவால் ஊர் வரைபடம் போடச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை ஆண்கள் கடலிலிருந்து தொடங்குவார்கள்: துறை, படகு ஏற்றும் இடம், முகத்துவாரம், கோயில். பெண்கள் அடிபம்பு, பின்பக்கச் சந்து, எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்த வீட்டில் படுக்கையில் ஆள் என்று தொடங்குவார்கள். வெளியேறும் வழியைத் திட்டமிட இரண்டாவது வரைபடம்தான் எனக்கு அதிகம் உதவியிருக்கிறது. அப்புறம் இரண்டு வரைபடத்தையும் பக்கத்தில் வைத்து எல்லோரையும் சேர்த்துப் பேசவிடுங்கள்.

வயதானவர்களிடம் 1977 நாகைப் புயலைப் பற்றிக் கேளுங்கள். ராமேசுவரம் பக்கமென்றால் 1964-இல் தனுஷ்கோடி போனதைக் கேளுங்கள். தண்ணீர் எதுவரை ஏறியது என்று மரத்தையும் படியையும் காட்டிச் சொல்வார்கள். அந்த இடத்தில் ஒரு பெயின்ட் கோடு போட்டுவிடுங்கள்.

மதிப்பெண் போட வேண்டுமா?

போடலாம், வருடத்துக்கு வருடம் ஒப்பிட உதவும். ஆனால் எட்டுத் தலைப்பையும் கூட்டி ஊருக்கு ஒரே எண்ணாகச் சொல்லாதீர்கள். ஒரே தலைப்புக்குள்ளேயே எச்சரிக்கையில் ஒன்பது, வெளியேற்றத்தில் ஒன்று என்றால் சராசரி ஐந்து வரும். அந்த ஐந்தை வைத்துக்கொண்டு பெரியம்மா மதகைத் தாண்ட முடியாது. எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வரி காரணமும், அதைச் சரிசெய்ய வேண்டியவர் யார் என்பதும் இருக்கட்டும்.

நன்றாகச் செய்த ஊர்கள் வெளியே இருக்கின்றனவா?

இருக்கின்றன. ஒடிசாவில் 1999 பெரும்புயலில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு பேரிடர் மேலாண்மைக்கென்று தனி அமைப்பு, கரையெங்கும் புயல் காப்பகங்கள், ஊர்தோறும் தொண்டர்கள் என்று வருடக்கணக்கில் உழைத்தார்கள். 2013-இல் பைலின் புயல் வந்தபோது பத்து லட்சம் பேருக்கு அருகில் முன்கூட்டியே வெளியேற்றினார்கள்; இறப்பு ஐம்பதுக்குள் நின்றது. 2020-இல் அதே மாநிலத்தின் வெங்கட்ராய்ப்பூர், நோலியாசாகி என்ற இரண்டு ஊர்களுக்கு, ஆழிப்பேரலைக்குத் தயாரான ஊர்கள் என்று யுனெஸ்கோவின் கடலியல் ஆணையம் அங்கீகாரம் கொடுத்தது. ஆபத்து வரைபடம், வெளியேறும் வழிப் பலகைகள், ஒத்திகை எல்லாம் பார்த்துத் தரும் அங்கீகாரம் அது. நம் ஊர்களும் அதற்கு முயலலாம்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. சுமத்ராவுக்கு அருகே சிமலூ என்ற தீவு. 2004-இல் நடுக்கத்தின் மையத்துக்கு மிகப் பக்கத்தில் இருந்தது அதுதான். ஏறக்குறைய 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் அலைக்கு இறந்தவர்கள் ஏழு பேர். 1907-இல் வந்த அலையை "ஸ்மோங்" என்று பெயரிட்டு, பாட்டிகள் தாலாட்டாகவும் கதையாகவும் சொல்லி வந்தார்கள்: நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால், மலைக்கு ஓடு. நம் ஊரில் மதிப்பீடு செய்யும்போது நானும் பத்து வயதுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, கடல் உள்வாங்கினால் என்ன செய்வாய் என்று கேட்கிறேன். 2004-க்குப் பிறகு பிறந்தவர்கள் அவர்கள். "மீன் பொறுக்கப் போவேன்" என்று ஒரு பையன் சொன்னான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஊரையே உள்ளே தள்ளி மாற்றினால் தாங்குதிறன் கூடிவிடும் அல்லவா?

அலைக்குப் பிறகு, கடலிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் புதிய வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். உயிருக்குப் பாதுகாப்பு கூடியது உண்மை. ஆனால் வலையையும் இஞ்சினையும் கரையில் விட்டுவிட்டு இரவில் யாரும் நிம்மதியாகத் தூங்கமாட்டார்கள். கடலின் நிறத்தையும் நீவாட்டையும் (நீரோட்டத்தையும்) வாசலில் நின்று பார்த்துத்தான் தொழிலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பார்கள். அதனால் பலர் கரையில் மறுபடி கொட்டகை போட்டார்கள். மாற்றிய ஊரை மதிப்பிடும்போது, இரவில் உண்மையில் யார் எங்கே தூங்குகிறார்கள் என்று பாருங்கள்.

எப்போது செய்வது, எத்தனை நாள் ஆகும்?

முந்நூறு வீடுள்ள ஊருக்கு ஆறு பேர் இருந்தால் பத்துப் பன்னிரண்டு நாள் போதும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுத் தொழிலாளர்கள் வீட்டில் இருப்பார்கள், பேச நேரம் இருக்கும். முழு மதிப்பீட்டை அப்போது முடித்துவிடுங்கள். கைப்பிடி, சாவி, தண்ணீர்த் தொட்டி மாதிரி வேலைகளை ஆடி, ஆவணிக்குள் ஊராட்சியைக் கொண்டு செய்துகொள்ளலாம். புரட்டாசிக் கடைசியில், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், விளக்கை அணைத்துவிட்டு மறுபடி ஒருமுறை இரவில் நடந்து பாருங்கள். போன முறை கடைசியாக வந்து சேர்ந்தவரை இந்த முறை முதலில் அழைத்துக்கொண்டு கிளம்புங்கள், கையில் கடிகாரத்தோடு.